அக்காவின் முட்டிக்கு ஒரு சைக்கிள்

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிவிட்டது. இன்று காலை நினைவுத் திருப்பலியில் கலந்துகொண்டு இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய ஒரே தம்பியின் வணக்கம். இப்படிப்பட்ட மலர்களில் கண்ணீரோடு எழுதுவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நாலு வரி எழுதுவதற்குள் அக்காவின் சைக்கிள் குறுக்கே வந்து நின்றுவிட்டது. அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சோகமாகப் பேச வராது. குரல் தானாக உயர்ந்துவிடும், கையை ஆட்டி ஆட்டிப் பேசுவேன், என் மனைவி பக்கத்தில் இருந்து "மெதுவா, மெதுவா" என்பார். படிக்கிறவர்களும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா வலங்கைமானை அடுத்த குடமுருட்டி ஆற்றங்கரை ஊரில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா பாசன லஸ்கர். மதகுகளைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. அம்மா நடவு, களையெடுப்பு என்று வயல் வேலைக்குப் போவார். அக்கா பத்தாம் வகுப்பு முடித்து, கூடவே தையலும் கற்றுக்கொண்டார். இருபத்திரண்டு வயதில் அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார். அத்தான் வீடுகளுக்குச் சுண்ணாம்பும் பெயிண்டும் அடிப்பவர், சாந்தமான மனிதர்.

எங்கள் ஊருக்குக் கிராமத் தபால்காரர் வேலைக்கு ஆள் எடுப்பதாகத் தெரிந்ததும் அக்கா விண்ணப்பித்தார். விண்ணப்பத்தில் 'சைக்கிள் ஓட்டத் தெரியுமா' என்று ஒரு கேள்வி இருந்தது. அக்கா 'தெரியும்' என்று எழுதிவிட்டார். தெரியாது! சாமி கும்பிடத் தவறாதவர், பொய் சொன்னால் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர், கூசாமல் எழுதிவிட்டார். வேலை கிடைத்துவிட்டது. சேருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. அந்த ஒன்பது நாளும் அத்தான் கேரியரைப் பிடித்துக்கொண்டு கோயில் மைதானத்தில் சுற்றிச் சுற்றி ஓடினார். அக்கா இரண்டு தடவை, குகை மாதிரி கட்டியிருக்கும் மாதா கெபியின் படியில் போய் மோதினார். பத்தாம் நாள் காலை தபால் பையோடு கிளம்பினார். அதைப் பார்த்த நான் அன்று பள்ளிக்கூடம் போகாமல் அவர் பின்னாலேயே ஓடினேன்.

அன்று தொடங்கி முப்பத்தெட்டு ஆண்டுகள். ஐந்து கிராமங்கள், இரண்டு பாலங்கள், வாய்க்கால் கரை, வரப்பு. அவர் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது, எல்லாருக்கும் அவர் 'போஸ்டம்மா'தான். மகள் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது அத்தான் சிறுநீரக நோயில் போய்விட்டார். பத்து நாள் கழித்து அக்கா சைக்கிளை எடுத்தார். யார் வீட்டிலும் உட்கார்ந்து அழவில்லை. கடிதத்தை நீட்டும்போது மட்டும் எதிரே நின்றவர்கள் அழுதார்கள் என்று பின்னால் சொன்னார். அந்தச் சம்பளத்திலும் தையலிலும்தான் மகளைப் படிக்க வைத்தார். இன்று அவள் திருச்சியில் செவிலியராக இருக்கிறாள்.

காலம் மாறியது. கடிதம் குறைந்தது. பார்சல் வந்தது. போனில் விரலை வைத்துத் தட்டினால் போதும், குக்கர் வருகிறது, செருப்பு வருகிறது, கல்யாணப் புடவை வருகிறது. எல்லாம் அக்காவின் கேரியரில்தான் ஏறியது. பின்னால் ஒரு மூட்டை, ஹேண்டிலில் இரண்டு பை, கழுத்தில் ஒரு பை. அதோடு இடது முட்டி தேய்ந்துபோனது. ஐம்பத்தெட்டாவது வயதில், ஓர் ஆடி மாதத்தில், தஞ்சாவூரில் முட்டி மாற்று அறுவை சிகிச்சை செய்தோம். மூன்று மாதம் விடுப்பு.

இனி நான் செய்ததைச் சொல்ல வேண்டும். பலருக்குத் தெரியும், தெரியாதவர்களும் தெரிந்துகொள்ளுங்கள். அக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அவருடைய சைக்கிளை நான் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. டாக்டரைக் கூடக் கேட்கவில்லை. இனிமேல் எங்கே ஓட்டப் போகிறார் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். ஒரு ஸ்கூட்டிக்கும் சொல்லி வைத்துவிட்டு, பெரிய காரியம் சாதித்தவன் போலத் திருவாரூரில் என் வீட்டில் நிம்மதியாகத் தூங்கினேன்.

வீடு திரும்பிய அன்று அக்கா வாக்கரைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார்.

"சைக்கிள் எங்கடா?"

"போட்டுட்டேன்க்கா."

"எங்க போட்ட?"

"எடைக்கு."

அவ்வளவுதான். உள்ளே போனவர் என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். மறுநாள் ஸ்கூட்டிப் பேச்சை எடுத்தேன். அக்கா மகளிடம் திரும்பி, "ஸ்கூட்டி வரப்புல போகுமான்னு உன் மாமாகிட்ட கேளு. மூங்கில் பாலத்துல தூக்கிட்டுப் போவாராமான்னும் கேளு" என்றார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்! சாப்பாடு எடுத்து வைத்தால், "உன் மாமாவைச் சாப்பிடச் சொல்லு." மகள் திருச்சிக்குப் போன பிறகு பக்கத்து வீட்டுக்காரர் மூலமாகப் பேசினார். யாருமே இல்லாத ஒரு மத்தியானம், சுவரில் இருந்த திருக்குடும்பப் படத்தைப் பார்த்து, "ஃபேனைக் கொஞ்சம் கொறைக்கச் சொல்லு" என்றார். எழுந்து போய்க் குறைத்தேன்.

மூன்று வாரம் கழித்து டாக்டரிடம் காட்டப் போனோம். அக்கா கேட்ட முதல் கேள்வி, "சைக்கிள் ஓட்டலாமா சார்?"

டாக்டர் சிரித்தார். "தாராளமா ஓட்டலாம்மா, முட்டிக்கு நல்லதுதான். ஆனா உங்க முட்டி மடங்குறது இவ்வளவுதான். பெடல் மேல வர்றப்ப அதுக்கு மேல மடங்கக் கூடாது. காலத் தூக்கிப் போட்டு ஏறக் கூடாது. முக்கியமா கீழ விழக் கூடாது. அப்படி ஒரு சைக்கிள் இருந்தா ஓட்டுங்க."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. காரில் திரும்பி வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி வயலையே பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை. விடுப்பு முடிவதற்குள் அப்படி ஒரு சைக்கிள் கிடைக்காவிட்டால் வேலையை விடுவதைத் தவிர வேறு வழியில்லை. வேலை போனால் அக்கா வீட்டுக்குள் உட்கார்ந்து என்ன செய்வார்? அந்தக் கேள்வி என்னைக் குடைந்து எடுத்தது.

அன்று முதல் நான் சைக்கிள் பைத்தியம் ஆனேன். அதுவரை சைக்கிள் என்றால் இரண்டு சக்கரம், ஒரு மணி என்றுதான் நினைத்திருந்தேன். போனில் தேடத் தேட வாயைப் பிளந்தேன். எத்தனை விதம்! டிராக்டர் டயர் மாதிரி தடித்த சக்கரம், மடித்துக் கையில் தூக்கிப் போகிற சைக்கிள், முன்னால் தொட்டி வைத்துப் பிள்ளைகளை உட்கார்த்திப் போகிற சைக்கிள், மிதிக்கும்போது மட்டும் கூட உழைக்கிற மோட்டார். தஞ்சாவூரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு மெல்லிய சக்கரத்தில் பறக்கிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கேள்வி கேட்டேன். ஒருவர் மெல்லிய சக்கரம்தான் வேகம் என்று பொறுமையாகப் பதில் சொன்னார். இன்னொருவர் என்னைத் திருடன் என்று நினைத்துக்கொண்டார்.

கடைசியில் என் போனை எடுத்துக்கொண்டு வலங்கைமானில் பாய் கடைக்குப் போனேன். அக்காவின் சைக்கிளுக்கு முப்பது வருடமாகப் பஞ்சர் ஒட்டியவர், வெல்டிங்கும் தெரிந்தவர். நான் காட்டிய படங்களை எல்லாம் பார்த்தார்.

"படமெல்லாம் நல்லாத்தான் இருக்கு சார். போஸ்டம்மாவைக் கூட்டிட்டு வாங்க. முட்டியப் பாக்காம நான் எப்படி வண்டி செய்றது?"

மறுநாள் அக்காவை அழைத்துப் போனேன். பாய் அவரை நாற்காலியில் உட்கார வைத்து, வலிக்காத அளவுக்கு முட்டியை மடிக்கச் சொல்லி, பாதத்துக்குக் கீழே செங்கல்லை அடுக்கி, நூல் பிடித்து அளந்தார். தையல்காரர் அளவெடுப்பது மாதிரி. பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னார்.

"சங்கதி கிராங்குலதான் சார் இருக்கு. பெடல் மாட்டியிருக்குற தண்டு நீளமா இருந்தா பெடல் மேல வரைக்கும் வரும், முட்டி மடங்கும். குட்டையா இருந்தா மடங்காது. சின்னப் புள்ளைங்க சைக்கிள்ல குட்டைக் கிராங்குதானே போட்டிருக்கு? அத எடுத்து பெரிய வண்டியில மாட்டிட்டா?"

நான் கடையில் எழுந்து நின்றுவிட்டேன். வெளிநாட்டுக்காரர்கள் குட்டைக் கிராங்கை விலை உயர்ந்த சாமானாக விற்பதை நான் இரவு பகலாகப் படித்திருக்கிறேன். பாய் குழந்தை சைக்கிளில் இருந்து கழற்றுகிறேன் என்கிறார்! ஆனால் குட்டைக் கிராங்கில் மிதிக்கக் கூடுதல் பலம் வேண்டும். அதற்கு மோட்டார். பின் சக்கரத்தில் ஒரு மோட்டார், சீட்டுக்குக் கீழே பேட்டரி. பாய் கடையில் கிடந்த ஒரு பழைய சைக்கிளின் குறுக்குக் கம்பியை அறுத்துத் தரையோடு தரையாக இறக்கி வெல்டிங். சேலையோடு நடந்து போய் உட்காரலாம். சீட்டுக் குழாயைப் பின்னால் சாய்த்ததில் பெடல் முன்னால் போயிற்று, உட்கார்ந்தபடியே இரண்டு பாதமும் தரையில் ஊன்றும். விழுகிற பேச்சே இல்லை.

பார்சல் பெட்டியை ஹேண்டிலில் மாட்டலாம் என்றேன். அக்கா பாயிடம் திரும்பினார். "பாய், உங்க பக்கத்துல நிக்கிறவர்கிட்ட சொல்லுங்க. ஹேண்டில்ல மாட்டினா திரும்புறப்ப சுமையும் சேந்து திரும்பும், வாய்க்கால்ல கொண்டு போயி விட்ரும். பெட்டி வண்டி உடம்போட இருக்கணும், ஹேண்டில் தனியாத் திரும்பணும்."

பாய் என்னைப் பார்த்தார். "கேட்டுச்சா சார்?"

கேட்டது. முப்பத்து நாலு வருடம் சுமந்த ஆள் சொல்கிறார். முன் சக்கரத்தைச் சின்னதாக்கி, அதற்கு மேலே பெட்டியைச் சட்டத்தோடு சேர்த்து வெல்டிங் செய்தார் பாய். ஒவ்வொரு சனிக்கிழமையும் திருவாரூரில் இருந்து ஓடி வந்து பார்த்தேன். பிள்ளைக்கு ஸ்கேன் பார்க்கப் போகிற தகப்பன் கூட அப்படித் துடித்திருக்க மாட்டான்.

டயர் விஷயத்தில் மட்டும் நான் பிடிவாதம் பிடித்தேன். மெல்லிய டயர்தான் வேகம் என்று அந்தத் தஞ்சாவூர்க்காரர் சொன்னார் அல்லவா? பாய் வேண்டாம் என்றார். நான் கேட்கவில்லை. வரவழைத்து மாட்டச் சொன்னேன்.

புரட்டாசி முடிகிற நேரம். ஓட்டிப் பார்க்கிற நாள் வந்தது. அக்காவும் பாய் கடைக்கு வந்திருந்தார். விழுவதாக இருந்தால் நானே விழுகிறேன் என்று முதலில் நான் ஏறினேன். ஏறியதும் என்ன சுகம்! மிதித்தால் யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது மாதிரி இருந்தது. நான் கத்திக்கொண்டே போனேன். குறுவை அறுவடை நேரம் என்பது மறந்துபோயிற்று. நம் ஊரில் குறுவை அறுத்தால் தார் ரோட்டில் பாதி நெல்லுக்குத்தானே! எதிரே பஸ் வந்தது. ஒதுங்கினேன். காய்கிற நெல் மேல் மெல்லிய டயர் ஏறியதுதான் தெரியும். கோலிக்குண்டு மேல் கால் வைத்த மாதிரி சர்ரென்று இழுத்துக்கொண்டு போய், நெல்லோடு நெல்லாக உருண்டேன்.

நெல்லைக் காலால் கிளறிக்கொண்டிருந்த அம்மாள் ஓடி வந்தார். என்னைத் தூக்க என்று நினைத்தேன்.

"கண்ணு தெரியலயா உங்களுக்கு? நெல்லு காயுறது தெரியல?"

"இது ரோடும்மா."

"ரோடுதான்! அந்தப் பக்கம் சும்மாதானே கெடக்கு?"

அந்தப் பக்கம் பஸ் நின்றுகொண்டிருந்தது. டிரைவர், கண்டக்டர், பயணிகள் எல்லாரும் எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது பின்னால் இருந்து ஒரு குரல்.

"டேய்! எங்கயாச்சும் அடிபட்டுதாடா?"

அக்கா! கைத்தடியை ஊன்றிக்கொண்டு வேகவேகமாக வந்துகொண்டிருந்தார். இரண்டு மாதத்துக்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை. முழங்கையில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. நெல்லுக்கு நடுவில் உட்கார்ந்தபடி சிரித்தேன், அழுதேன். "மன்னிச்சிடுக்கா" என்றேன். எத்தனையாவது தடவை என்று எனக்கே தெரியாது.

அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. டயரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இது நம்ம ஊருக்கு ஆகாதுடா. பாய்கிட்ட சொல்லி கெட்டி டயரா போடு. ஐப்பசி வந்தா சேறு வேற." என்னிடம், நேராக!

ஐப்பசியில், விடுப்பு முடிந்த அன்று காலை எட்டு மணிக்கு, கெட்டி டயர் போட்ட அந்த சைக்கிளில் அக்கா கிளம்பினார். நான் பைக்கில் பின்னாலேயே போனேன். "போடா வீட்டுக்கு, நான் என்ன ஊர்வலமா போறேன்?" என்று விரட்டினார். நான் போகவில்லை. மழையில் ஊறிய வாய்க்கால் கரையில் வண்டி வழுக்காமல் ஏறியது. முதல் கிராமத்தில் கூட்டம் கூடிவிட்டது. "போஸ்டம்மா வண்டியப் பாருங்கடி!" "சார்ஜ் போடணுமா?" "லைசன்ஸ் வேணுமா?" "பெட்டியில எத்தனை கிலோ ஏத்தலாம்?" கடிதம் வாங்க வந்தவர்கள் கடிதத்தை மறந்துவிட்டு சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். அக்காவுக்குப் பெருமை பிடிபடவில்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே இரண்டு காலையும் ஊன்றிக் காட்டினார். பக்கத்து ஊர் அங்கன்வாடி டீச்சர் அடுத்த மாதமே பாயிடம் அதே மாதிரி ஒன்று செய்துகொண்டார். அதிராம்பட்டினத்து மீனைத் தெருத்தெருவாக விற்கிற அம்மாள், பெட்டியை மட்டும் இன்னும் பெரிதாகக் கேட்டு வாங்கினார்.

மறு வருடம் ஆடியில் ஒரு நாள் போன் வந்தது. ஆடி மாத மேல்காற்றை எதிர்த்து சைக்கிள் மிதித்தவர்களுக்குத் தெரியும், அது காற்று இல்லை, சுவர். அக்கா அத்தனை வருடமும் அந்த மாதத்தில் மேற்கே போகும்போது இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்.

"டேய், கேக்குதா? காத்து கேக்குதா?" போனில் ஒரே இரைச்சல். "மேக்கால போறேன்டா! எறங்கல! ஒரு எடத்துலயும் எறங்கல!"

அலுவலகத்தில் இருந்தேன். நான் "சூப்பர்க்கா!" என்று கத்தியதில் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு இன்றைக்கும் அந்த இரைச்சல் காதில் இருக்கிறது.

நாலு வருடம் அப்படி ஓட்டினார். அறுபத்திரண்டு வயதில், ஒரு புதன்கிழமை பட்டுவாடா முடித்து வந்து, நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்றார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோனோம். மூன்று நாள் இருந்தார். மகளும் நானும் கூடவே இருந்தோம். பங்குத்தந்தை எண்ணெய் பூசிச் செபிக்க, நோயில் பூசுதல் பெற்று, நினைவோடு, மகளின் கையைப் பிடித்தபடி இறைவனிடம் போனார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். இறுதிச் செபம் சொன்ன பங்குத்தந்தை அவர்களுக்கும், மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், ஊரில் இருந்து தினமும் கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டாருக்கும், அடக்கத்துக்கு வந்து அக்கா கொண்டுவந்து கொடுத்த கடிதங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த ஐந்து கிராமத்து மக்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பாயின் கைக்கு நான் தனியாக முத்தம் கொடுத்துவிட்டேன், அவர் கூச்சப்பட்டார். சைக்கிளை வீட்டில் வைத்து மாலை போட வேண்டும் என்று சில பெரியவர்கள் சொன்னார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், அக்காவின் மகளைக் கேட்டு, அக்காவின் இடத்தில் தபால் வேலைக்கு வந்திருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிட்டோம். அவர் உயரமானவர், முட்டியும் நல்ல முட்டி. பாய் சீட்டை உயர்த்தி, கிராங்கை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

இந்த இடத்தில் முடித்திருக்கலாம். ஆனால் ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் மாலை அக்கா என்னிடம் சொன்னதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆக்சிஜன் மாஸ்கை விலக்கிக்கொண்டு, சின்னப் பிள்ளை குறும்பு செய்துவிட்டுச் சொல்வது மாதிரி சிரித்தபடி சொன்னார்.

"ஒன்னு சொல்லட்டுமாடா? ஆபரேஷனுக்கு வர்றதுக்கு முந்தின நாளே நான் விட்டுட்டேன்டா. இனிமே முடியாதுன்னு முடிவு பண்ணி, வேலையே வேணாம்னு லெட்டர்கூட எழுதி பைபிள்ல வச்சிருந்தேன். அவ்வளவு வலி. வந்து பாத்தா சைக்கிளக் காணோம்."

"அப்புறம் ஏன்க்கா என்கிட்ட அவ்வளவு கோவம்?"

"நானா விடுறது வேற, நீ எடுத்து விக்கிறது வேற. யாருடா நீ? அந்த ஆத்திரத்துலதான் டாக்டர்கிட்ட கேட்டேன். இல்லன்னா வாயே தொறந்திருக்க மாட்டேன்." மாஸ்கை மாட்டிக்கொண்டு, மறுபடி விலக்கினார். "நாலு வருஷம்டா!"

அடக்கம் முடிந்து வந்ததும் பைபிளைத் திறந்து பார்த்தேன். கடிதம் இருந்தது. நான்காய் மடித்து, கையெழுத்தும் போட்டு, தேதி மட்டும் எழுதாமல்.

அக்கா, உன் சைக்கிளை விற்றதற்காக உன்னிடம் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டிருக்கிறேன். அத்தனையையும் இந்த மலரில், எல்லார் முன்னாலும், திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.